அதிர்வு எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயந்திரங்களின் அதிர்வை அளந்து சொல்வது என் தொழில். கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நின்றதுமே வரும் முதல் கேள்வி, “எவ்வளவு இருக்கிறது?” என்பதுதான். ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிடலாம் என்றால் இந்தப் பக்கத்துக்கே வேலை இருந்திருக்காது. எந்த அளவில், எந்த இடத்தில், எந்த அதிர்வெண்ணில் என்று நான் திருப்பிக் கேட்பேன்; கேட்டவர் முகம் சுளிப்பார்; பேச்சு அங்கிருந்து பள்ளிக்கூட இயற்பியலுக்குப் போய்விடும். அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்கள் இவை. எளியவை முன்னால் இருக்கின்றன. தலையைச் சொறிய வைப்பவை பின்னால்.

அதிர்வு என்றால் நடுக்கம் என்று தெரியும். ஊஞ்சல் ஆடுவதும் அதிர்வுதானா?

ஆம். ஓர் இரும்பு அளவுகோலை மேசை விளிம்புக்கு வெளியே பாதி நீட்டி, மறுபாதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியைத் தட்டிவிடுங்கள். வளைந்த கோல் நிமிரப் பார்க்கிறது. அந்த இழுப்புக்கு மீள்விசை என்று பெயர். நிமிர்ந்த இடத்தில் அது நிற்பதில்லை. வந்த வேகத்தில் அப்பால் போய்விடுகிறது. அது நிலைமத்தின் வேலை. இரண்டுக்கும் நடக்கும் இழுபறிதான் அதிர்வு. ஊஞ்சலில் மீள்விசையைப் புவியீர்ப்பு தருகிறது, கோலில் எஃகின் மீள்தன்மை தருகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

கண்ணால் எண்ணும்படி மெதுவாக ஆடுவதை அலைவு என்றும், எண்ண முடியாதபடி ஆடுவதை அதிர்வு என்றும் பழக்கத்தில் பிரித்துச் சொல்கிறோம். 3 மீட்டர் நீள ஊஞ்சல் ஒரு முறை போய்த் திரும்ப ஏறத்தாழ மூன்றரை விநாடி ஆகும். இசைக்கவை ஒரு விநாடிக்குள் 440 முறை போய்த் திரும்பிவிடும். கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.

அதிர்வெண், வீச்சு இரண்டில் எதை அதிர்வின் அளவு என்று எடுத்துக்கொள்வது?

ஒரு விநாடியில் எத்தனை முறை என்பது அதிர்வெண்; அதன் அலகு ஹெர்ட்ஸ். நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்பது வீச்சு. அதே அளவுகோலை மெதுவாகத் தட்டுங்கள், பிறகு ஓங்கித் தட்டுங்கள். சத்தம் கூடும், சுருதி மாறாது. வீச்சு கூடினாலும் அதிர்வெண் அப்படியே இருக்கிறது என்பதை உங்கள் காதே சொல்லிவிடுகிறது.

அதிர்வெண் ஆள் யார் என்று காட்டிக்கொடுக்கும்; வீச்சு அந்த ஆள் எவ்வளவு கோபமாக இருக்கிறார் என்று காட்டும். இயந்திரத்தின் சுழற்சியை 60ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும்: நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் 25 ஹெர்ட்ஸ், 3000 சுற்று என்றால் 50. இந்த ஒரு வகுத்தலை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி எளிதாகிவிடும்.

ஒரே மோட்டாருக்கு ஒருவர் மைக்ரானில் சொல்கிறார், ஒருவர் விநாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்கிறார், மூன்றாமவர் ‘ஜி’ என்கிறார். யார் சொல்வது சரி?

மூவரும் சரி. எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது இடப்பெயர்ச்சி. அது மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில், வரும். எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது திசைவேகம். அந்த வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது முடுக்கம். ஒரே ஆட்டத்தை மூன்று பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். இவற்றை இணைப்பது அதிர்வெண்தான். இடப்பெயர்ச்சியை 6.28 × அதிர்வெண் என்பதால் பெருக்கினால் திசைவேகம் வரும். அதே எண்ணால் இன்னொரு முறை பெருக்கினால் முடுக்கம் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திசைவேகத்தின் உச்சம் விநாடிக்கு 10 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஹெர்ட்ஸில் அது 159 மைக்ரான் இடப்பெயர்ச்சி, முடுக்கமோ 0.06 ஜி, இருப்பதே தெரியாது. அதே 10 மி.மீ. 1000 ஹெர்ட்ஸில் வந்தால் இடப்பெயர்ச்சி 1.6 மைக்ரானாகச் சுருங்கிவிடும், முடுக்கம் 6.4 ஜியாக எகிறிவிடும். ஆகவே மைக்ரானில் மட்டும் பார்ப்பவர், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கில் கிளம்பிவரும் கோளாறைத் தவறவிடுவார். ஜியில் மட்டும் பார்ப்பவர் மெதுவாகச் சுழலும் பெரிய விசிறியின் ஆட்டத்தைத் தவறவிடுவார்.

பொதுவான இயந்திரங்களுக்கு 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை திசைவேகத்தை அளப்பது வழக்கம். நடுவில் நின்று இரு பக்கத்தையும் ஓரளவு நியாயமாகக் காட்டுவது அதுதான். மிக மெதுவான சுழற்சிக்கும், பேரிங்குக்குள் ஷாஃப்ட் (அந்தச் சுழலும் தண்டு) எவ்வளவு நகர்கிறது என்பதற்கும் இடப்பெயர்ச்சி. பேரிங், பற்சக்கரம் போன்ற உயர் அதிர்வெண் விவகாரங்களுக்கு முடுக்கம்.

அதென்ன ‘ஜி’? புவியீர்ப்புக்கும் என் பம்ப்புக்கும் என்ன தொடர்பு?

ஒரு தொடர்பும் இல்லை. விநாடி வர்க்கத்துக்கு 9.81 மீட்டர் என்ற முடுக்கத்தை ஒரு கைப்பிடி அளவாக வைத்துக்கொண்டிருக்கிறோம். 2 ஜி என்றால் அந்த இடம் விழும் கல்லின் முடுக்கத்தைப் போல் இரு மடங்கு முடுக்கத்தோடு முன்னும் பின்னும் ஆடுகிறது என்று பொருள்.

உங்கள் கருவியில் 4.5 காட்டுகிறது, எங்கள் கருவியில் 6.4 காட்டுகிறது. எது பழுது?

பெரும்பாலும் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும். ஒன்று ஆர்.எம்.எஸ். மதிப்பை (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) காட்டும், மற்றது உச்ச மதிப்பைக் காட்டும். சீரான சைன் அலைக்கு ஆர்.எம்.எஸ். என்பது உச்சத்தில் 0.707 மடங்கு; 6.4ஐ 0.707ஆல் பெருக்கிப் பாருங்கள், 4.5 வந்து நிற்கும். மேல் உச்சியிலிருந்து கீழ் உச்சி வரை அளப்பது மூன்றாவது வகை. அது உச்சத்தில் இரு மடங்கு. மைக்ரான் அளவுகள் வழக்கமாக இந்த மூன்றாவது வகையில்தான் சொல்லப்படும். சொல்பவர் அதைச் சொல்லாமல் விடுவதும் வழக்கம்தான்.

இந்த 0.707 சைன் அலைக்கு மட்டுமே பொருந்தும். அடிபட்ட பேரிங் ‘டிக், டிக்’ என்று கூர்மையாகத் தட்டும்போது உச்சம் ஆர்.எம்.எஸ்ஸைப் போல் நான்கைந்து மடங்குக்கும் மேலே போகலாம். சில கருவிகள் உண்மையான உச்சத்தை அளக்காமல், ஆர்.எம்.எஸ்ஸை 1.414ஆல் பெருக்கி ‘உச்சம்’ என்று காட்டிவிடும். அப்படிப்பட்ட கருவியிடம் அந்த ‘டிக்’ ஒளிந்துகொள்ளும். கருவியின் கையேட்டில் இதைத் தேடிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பொருளுக்கும் சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு என்கிறார்களே. ஒன்றுதானா?

ஒன்றல்ல, பல. தட்டிவிட்டால் ஒரு பொருள் தானாக எந்த அதிர்வெண்ணில் ஆடுமோ அது இயல்பு அதிர்வெண். விறைப்பு கூடினால் அது ஏறும், நிறை கூடினால் இறங்கும். இரண்டும் வர்க்கமூலத்தில் வருவதால், அதிர்வெண்ணை இரு மடங்காக்க விறைப்பை நான்கு மடங்காக்க வேண்டும். அளவுகோலின் வெளியே நீட்டிய பகுதியைக் குறைத்துத் தட்டினால் சுருதி ஏறுவது இதனால்தான்.

ஒரு நிறை, ஒரு சுருள்வில் என்றால் ஓர் அதிர்வெண் போதும். தகடு, குழாய், சட்டகம் என்று வந்துவிட்டால் ஒவ்வொரு வடிவில் வளைவதற்கும் தனித்தனி அதிர்வெண் உண்டு. ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கண்ணுக்கே காட்டினார். உலோகத் தகட்டில் மணலைத் தூவி, விளிம்பை வில்லால் இழுத்தார். ஆடும் இடத்திலிருந்து மணல் ஓடிப்போய் ஆடாத கோடுகளில் ஒதுங்கியது. இழுக்கும் இடத்தையும் தகட்டைப் பிடிக்கும் இடத்தையும் மாற்றினால் வேறு கோலம், வேறு சுருதி. அந்த ஆடாத கோட்டின் மேல் அதிர்வை அளக்கும் உணரியை வைத்துவிட்டு “அதிர்வே இல்லை” என்று எழுதிக்கொண்டு போனவர்களும் உண்டு. நானும் ஒரு முறை போயிருக்கிறேன்.

துணி துவைக்கும் இயந்திரம் வேகம் எடுக்கும்போது நடுவில் ஒரு கட்டத்தில் குதிக்கிறது. முழு வேகத்தில் அடங்கிவிடுகிறது. தலைகீழாக அல்லவா இருக்கிறது?

சுழற்சியின் அதிர்வெண் தொங்கும் தொட்டியின் இயல்பு அதிர்வெண்ணைத் தொடும் இடத்தில்தான் அந்தக் குதிப்பு. இது ஒத்ததிர்வு. ஊஞ்சல் திரும்பும் சமயம் பார்த்து ஒவ்வொரு முறையும் சிறிதாகத் தள்ளினால் ஆட்டம் ஏறிக்கொண்டே போவதைப் போல, ஒவ்வொரு சுற்றும் முந்தைய ஆட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. அந்த வேகத்தைக் கடந்துவிட்டால் தள்ளுவதும் ஆடுவதும் ஒத்துப்போவதில்லை, ஆட்டம் குறைந்துவிடும்.

எவ்வளவு ஏறும் என்பதைத் தீர்மானிப்பது தணிப்பு, அதாவது ஆட்டத்தின் ஆற்றலை உராய்வு போன்றவை தின்றுவிடும் அளவு. தணிப்பு விகிதம் 5 சதவீதம் என்றால் ஒத்ததிர்வில் ஆட்டம் சுமார் 10 மடங்காகும்; 1 சதவீதம் என்றால் 50 மடங்கு. பற்றவைத்த எஃகுச் சட்டகங்களில் தணிப்பு மிகக் குறைவு. அதனால்தான் அவை ஒத்ததிர்வில் அப்படிக் கூத்தாடுகின்றன.

ஒத்ததிர்வினால் ஒரு பாலம் முறுக்கிக்கொண்டு விழும் பழைய படத்தைப் பார்த்திருக்கிறேன். அது இதற்கு எடுத்துக்காட்டுதானே?

பாடப்புத்தகங்களில் அப்படித்தான் வந்தது; முழு உண்மை அல்ல. அமெரிக்காவின் டகோமா நாரோஸ் பாலம் 1940 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 7 அன்று விழுந்தது. காற்று ஊஞ்சலைத் தள்ளுபவரைப் போல விட்டுவிட்டுத் தள்ளவில்லை. ஒரே சீராக மணிக்கு 65 கிலோமீட்டர் அளவில் வீசிக்கொண்டிருந்தது. பாலம் முறுக்கிக்கொள்ளும்போது காற்று அதன்மேல் படும் கோணம் மாறுகிறது. அந்த மாற்றமே அடுத்த முறுக்குக்கு விசை தருகிறது. ஆட்டமே தனக்குத் தீனி தேடிக்கொள்ளும் இந்த வகையைத் தன்தூண்டல் அதிர்வு எனலாம். இதில் தணிப்பு இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் 1831இல் இங்கிலாந்தில் விழுந்த பிராட்டன் தொங்குபாலத்தைச் சொல்லுங்கள். படைவீரர்கள் ஒரே தாளத்தில் அடிவைத்து அதன்மேல் நடந்தார்கள். லண்டனின் மில்லேனியம் நடைபாலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2000 ஜூன் 10 அன்று திறந்த பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்க, விழாமல் நிற்க மக்கள் தங்களை அறியாமல் அந்த ஆட்டத்துக்கு ஏற்ப அடிவைத்தார்கள். ஆட்டம் இன்னும் கூடியது. இரண்டே நாளில் மூடி, தணிப்பான்களைப் பொருத்தி, 2002இல்தான் மீண்டும் திறந்தார்கள்.

அதிர்வு தரைக்கு இறங்காமல் இருக்க இயந்திரத்துக்கு அடியில் ரப்பர் வைத்தேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. ஏன்?

ரப்பரை வைத்த கணத்தில் நீங்கள் ஒரு புதிய சுருள்வில்லைச் சேர்த்துவிட்டீர்கள். இயந்திரத்துக்குப் புதிய இயல்பு அதிர்வெண் பிறந்துவிட்டது. அதைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு: எடை ஏறியதும் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். 15.8ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் இயல்பு அதிர்வெண் ஹெர்ட்ஸில் வரும். 1 மி.மீ. அமுங்கினால் 15.8, 10 மி.மீ. அமுங்கினால் 5. ஆடும்போது ரப்பர் கொஞ்சம் விறைத்துக்கொள்ளும், அதனால் உண்மை மதிப்பு சற்றுக் கூடும்.

இப்போது உங்கள் 1500 சுற்று இயந்திரத்துக்கு வாருங்கள். அதன் அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ். ரப்பர் 0.4 மி.மீ. மட்டும் அமுங்கியிருந்தால் இயல்பு அதிர்வெண்ணும் ஏறத்தாழ 25! தேடிப்போய் ஒத்ததிர்வில் உட்கார்ந்துவிட்டீர்கள். இயக்க அதிர்வெண் இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.41 மடங்கைத் தாண்டினால்தான் தரைக்கு இறங்குவது குறையவே தொடங்கும். மூன்று மடங்கில் எட்டில் ஒரு பங்குதான் இறங்கும். அதற்கு மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கும் ஏற்பாடு வேண்டும். கெட்டியான ரப்பர்த் துண்டு மனத்துக்குத்தான் ஆறுதல்.

வெறும் 10 கிராம் அழுக்கா இத்தனை பெரிய விசிறியை ஆட்டிவிடும்?

மையத்திலிருந்து 200 மி.மீ. தள்ளி 10 கிராம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, விசிறி நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். வெளிநோக்கி இழுக்கும் விசை 197 நியூட்டன். அதாவது 20 கிலோ எடையைத் தொங்கவிட்டு, அதை விநாடிக்கு 50 முறை சுற்றிச் சுற்றி இழுப்பதற்குச் சமம். வேகத்தைப் பாதியாக்கினால் விசை கால் பங்காகிவிடும். வேகம் வர்க்கத்தில் வருகிறது. அதனால்தான் மெதுவாகச் சுற்றும்போது சாதுவாக இருந்த விசிறி வேகம் எடுத்ததும் ஆளே மாறிவிடுகிறது.

உணரியே இயந்திரத்தோடு சேர்ந்து ஆடுகிறது. பிறகு எதை வைத்து அது ஆட்டத்தை அளக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அசையாத ஓர் இடம் இல்லாமல் அசைவை எப்படி அளப்பது? முடுக்கமானி அந்த இடத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. உறைக்கும் உள்ளே இருக்கும் ஒரு சிறு நிறைக்கும் நடுவில் ஒரு படிகம். உறை இயந்திரத்தோடு ஓடுகிறது. நிறை நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. இடையில் மாட்டிய படிகம் நசுங்குகிறது, இழுபடுகிறது. சில படிகங்களை நசுக்கினால் மின்னூட்டம் வரும் என்பதை 1880இல் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். விசை என்பது நிறையை முடுக்கத்தால் பெருக்குவது, நிறை மாறாதது, ஆக வரும் மின்சாரம் முடுக்கத்தை அப்படியே சொல்கிறது. தொழிற்சாலைகளில் பரவலாக உள்ள வகை ஒரு ஜிக்கு 100 மில்லிவோல்ட் தரும்.

அந்த நிறையும் படிகமும் சேர்ந்தால் அதுவும் ஒரு சுருள்வில்தான். அதற்கும் இயல்பு அதிர்வெண் உண்டு, வழக்கமாகப் பல்லாயிரம் ஹெர்ட்ஸில். அதில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் அளவை நம்பலாம். கீழ்ப்பக்கமும் எல்லை உண்டு: அசையாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் மின்னூட்டம் கசிந்து போய்விடும். குளிர்ந்த உணரியைச் சூடான பேரிங் உறைமேல் வைத்ததும் அளந்தால், அதிர்வெண் வாரியாக வரையும் படத்தின் இடது ஓரத்தில் சறுக்குமேடுபோல ஒரு சரிவு வரும். அது இயந்திரத்தின் ஆட்டம் அல்ல, உணரி சூடேறுவது. கொஞ்சம் பொறுத்து அளந்தால் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் முடுக்கமானி பொருந்தாது. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பெரிய ஷாஃப்ட்டுக்குத் தொடாமல் இடைவெளியை அளக்கும் சுழல் மின்னோட்ட உணரி வேண்டும். எடையே ஏற்றக் கூடாத மெல்லிய பொருளுக்கு லேசர் உண்டு.

கைப்பேசியில் அதிர்வுச் செயலி இருக்கிறதே. அது போதாதா?

ஊஞ்சலுக்கும் கட்டடத்தின் மெதுவான ஆட்டத்துக்கும் போதும், பேரிங்குக்குப் போதாது. கைப்பேசிக்குள் இருப்பதும் முடுக்கமானிதான், ஆனால் சிலிக்கானில் செதுக்கிய நுண்சீப்பு வகை. அது நிலையான முடுக்கத்தையும் அளக்கும் என்பதால் மேசைமேல் சும்மா கிடக்கும்போதே 9.8 காட்டும், பழுது என்று நினைத்துவிடாதீர்கள். பல கைப்பேசிகள் விநாடிக்குச் சில நூறு முறைதான் அளவெடுக்கும். அதில் பாதி அதிர்வெண்வரைதான் தெரியும். ஏன் பாதி என்பது கீழே வருகிறது.

காந்தத்தை வைத்து உணரியை ஒட்டினால் போதாதா? திருகாணி போட்டே ஆக வேண்டுமா?

நீங்கள் தேடும் அதிர்வெண்ணைப் பொறுத்தது. உணரிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் வரும் எதுவும் ஒரு சுருள்வில். கையால் அழுத்திப் பிடித்தால் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் நம்ப முடியாது. சமமான பரப்பில் நல்ல காந்தம் சுமார் இரண்டாயிரம்வரை நிம்மதி தரும். திருகாணி அதைவிட வெகுதூரம் போகும். சமநிலைக் குறையை, அதாவது அந்த 10 கிராம் அழுக்குபோல ஒரு பக்கம் எடை கூடியிருப்பதை, தேடுபவருக்குக் காந்தம் தாராளம்.

இடம் அதைவிட முக்கியம். ஒரு விசிறியில் மாதாமாதம் விநாடிக்கு 3 மி.மீ. அளவில் வந்துகொண்டிருந்த அளவு திடீரென்று 11 ஆகிவிட்டது என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், அந்த மாதம் அளந்த புதிய பையன் பேரிங் உறைக்குப் பதிலாக அதன்மேல் கவிழ்த்திருந்த மெல்லிய தகட்டு மூடியில் காந்தத்தை வைத்திருந்தான். மூடி தன் பாட்டுக்கு ஒத்ததிர்வில் ஆடிக்கொண்டிருந்தது. உணரியை ஒரு சாண் நகர்த்தினேன், 3.1. அன்றே பேரிங் உறையில் ஒரு வட்டத்தைப் பெயிண்டால் வரைந்துவிட்டு வந்தேன்.

மொத்த அளவு ஒன்று தெரிந்தால் போதாதா? எதற்கு இந்தக் கோடுகோடான படம்?

மொத்த அளவு காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும்; எதனால் என்று சொல்லாது. எத்தனை சிக்கலான ஆட்டத்தையும் பல சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்ற வழியை ஃபிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசஃப் ஃபூரியே வெப்பம் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் விரித்துக் காட்டினார். அந்தக் கணக்கைக் கணினி விரைவாகப் போடும் முறையை 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட பிறகு, அது கையடக்கக் கருவிக்குள்ளேயே வந்துவிட்டது. அப்படிப் பிரித்து, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எவ்வளவு என்று வரைந்ததுதான் அந்தப் படம். பெயர் நிறமாலை.

மேலே ‘ஆள் யார்’ என்றேனே, அது இங்கேதான் பயன்படும். சுழற்சி அதிர்வெண்ணில் உயரமான ஒற்றைக் கோடு நின்றால் முதலில் சமநிலைக் குறையைச் சந்தேகிக்கலாம். அதன் இரு மடங்கில் நின்றால் இரண்டு ஷாஃப்ட்டுகள் நேர்கோட்டில் இல்லையோ என்று பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்கு என்று மடங்குகள் வரிசைகட்டினால் எங்கோ தளர்ந்திருக்கிறது. பேரிங் கோளாறு முழு மடங்கில் வராது: 9 குண்டுகள் உள்ள பேரிங்கின் வெளிவளையம் அடிபட்டால் ஏறத்தாழ 3.6 மடங்கிலும், உள்வளையம் அடிபட்டால் 5.4 மடங்கிலும் கோடு எழும். இவை சந்தேகப் பட்டியல்தான், தீர்ப்பு அல்ல. சமநிலைக் குறையைப் போலவே ஒத்ததிர்வும் சுழற்சி அதிர்வெண்ணில்தான் தலைகாட்டும்.

விநாடிக்கு எத்தனை முறை அளவெடுக்க வேண்டும்? அதிகம் எடுத்தால் நல்லதுதானே?

திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றும் வேகத்துக்குப் படமெடுக்கும் வேகம் ஈடுகொடுக்கவில்லை. அதிர்விலும் அதே ஏமாற்று உண்டு: விநாடிக்கு 100 முறை அளவெடுத்தால் 90 ஹெர்ட்ஸ் ஆட்டம் 10 ஹெர்ட்ஸ் என்று பொய்வேடம் போட்டு வரும். அதனால் பார்க்க விரும்பும் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் எடுக்க வேண்டும். கருவிகள் வழக்கமாக 2.56 மடங்கு எடுக்கும். அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களை முன்கூட்டியே வடிகட்டிவிடவும் வேண்டும்.

ஆனால் வேகமாக எடுப்பதால் நுணுக்கம் வராது. நீண்ட நேரம் எடுப்பதால்தான் வரும். 1 ஹெர்ட்ஸ் இடைவெளியைப் பிரித்துக்காட்ட 1 விநாடி அளக்க வேண்டும். அரை ஹெர்ட்ஸுக்கு 2 விநாடி. இது எங்கே உதைக்கும் தெரியுமா? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் மோட்டார் 2980 சுற்று சுற்றுகிறது. சுழற்சியின் இரு மடங்கு 99.3 ஹெர்ட்ஸ், மின்சாரக் கோளாறு வருமிடம் 100 ஹெர்ட்ஸ். ஒரு விநாடி அளவில் இரண்டும் ஒரே கோடாக ஒட்டிக்கொள்ளும். ஆறேழு விநாடி அளந்தால் பிரிந்து நிற்கும். நேரம் இல்லையென்றால் கோட்டைப் பார்த்தபடியே மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய கணமே மறைந்தால் அது மின்சாரத்தின் வேலை. வேகம் குறையக் குறைய மெல்ல இறங்கினால் இயந்திரத்தின் வேலை.

இரண்டு பேரிங்கிலும் ஒரே அளவுதான். கட்டம் பார்க்க வேண்டும் என்று ஏன் நேரத்தை வீணடிக்கிறீர்கள்?

இருவர் ஒரு பலகையைத் தூக்குகிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் உயர்த்தினாலும், ஒருவர் உயர்த்தும்போது மற்றவர் தாழ்த்தினாலும் கை நகரும் தூரம் ஒன்றே. பலகைக்கு நேர்வது வேறு. யார் எப்போது உச்சத்துக்கு வருகிறார்கள் என்பதுதான் கட்டம். இரண்டு ஷாஃப்ட்டுகளை இணைக்கும் கப்ளிங்கின் இரு பக்கமும் எதிரெதிராக ஆடினால் நேர்கோட்டுக் குறையைத் தேடுவேன். மோட்டாரின் பாதமும் அதன் கீழுள்ள அடிச்சட்டமும் ஒன்றாக ஆடாமல் தனித்தனித் தாளத்தில் ஆடினால், ஸ்பேனரை எடுத்து அந்த போல்ட்டைத்தான் முதலில் தொடுவேன்.

எவ்வளவு வந்தால் ஆபத்து? சுற்றிவளைக்காமல் ஓர் எண்ணைச் சொல்லுங்கள்.

சரி, சொல்கிறேன். 15 முதல் 300 கிலோவாட் வரையிலான இயந்திரம் உறுதியான அடித்தளத்தில் நின்றால், ஐ.எஸ்.ஓ. 10816 என்ற சர்வதேசத் தரநிலையின் மூன்றாம் பகுதிப்படி (2022இல் அதன் இடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 20816-3 வந்துவிட்டது) விநாடிக்கு 1.4 மி.மீ. வரை புதிய இயந்திரத்தின் நிலை, 2.8 வரை நெடுங்காலம் ஓட்டலாம், 4.5 வரை பழுதுபார்க்கும் வாய்ப்பு வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். அதற்கு மேல் சேதம் வரும் நிலை. எல்லாம் ஆர்.எம்.எஸ்., எல்லாம் பேரிங் உறையில். அதே இயந்திரம் நெகிழ்வான அடித்தளத்தில் நின்றால் எல்லைகள் 2.3, 4.5, 7.1 ஆகிவிடும். ஓர் எண் கேட்டீர்கள், ஆறு வந்துவிட்டது. என் குற்றம் இல்லை.

எல்லைக்குள் இருந்தாலும் மாற்றத்தைக் கவனியுங்கள். ஓராண்டாக 1.0 காட்டிய இயந்திரம் இன்று 2.0 காட்டினால், எப்போதும் 3.0 காட்டிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைவிட அதைப் பார்க்கத்தான் நான் முதலில் போவேன்.

நான் முப்பது ஆண்டாகக் கையை வைத்தே சொல்லிவிடுவேன். உங்கள் கருவி எதற்கு?

கையைக் குறைத்துப் பேச மாட்டேன். விரல்நுனியின் உணர்வு 200, 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மிகக் கூர்மை; மைக்ரானுக்கும் குறைவான ஆட்டத்தைக்கூடப் பிடித்துவிடும். உடம்பாகப் பார்த்தால் மேல்கீழ் ஆட்டத்தில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை நம்மை அதிகம் உலுக்கும். இந்த இரண்டு இடத்திலும் கை நல்ல உணரி. ஆனால் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் கைக்கு ஒன்றும் தெரியாது. பேரிங் கோளாறு பேசத் தொடங்குவது அங்கேதான். இன்னொன்று, போன மாதம் எப்படி இருந்தது என்பதைக் கை எழுதி வைப்பதில்லை.

பேரிங்கில் ஜி ஏறிக்கொண்டே இருந்தது. இந்த வாரம் தானாகவே இறங்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. முதலில் வேகம், சுமை, உணரி வைத்த இடம் மூன்றும் போன வாரம் போலவே இருந்தனவா என்று பாருங்கள். தகட்டு மூடிக் கதை எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். மூன்றும் மாறவில்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். பேரிங்கின் ஓடுபாதையில் புதிதாகப் பெயர்ந்த குழிக்குக் கூரிய விளிம்பு இருக்கும். குண்டு அதில் மோதும் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று உச்சம் எழும். ஓட ஓட விளிம்பு மழுங்குகிறது, குழி பரவுகிறது. கூர்மையான தட்டல்கள் இரைச்சலாகக் கரைந்து உச்சம் இறங்குகிறது. நிறமாலையில் தனித்தனியாக நின்ற கோடுகள் மறைந்து, அவற்றுக்கு அடியில் இருந்த தரைமட்டம் முழுவதும் மேலே எழும்பியிருக்கும்.

அப்படி ஒன்றை “குறைந்துவிட்டதே, இன்னும் ஒரு மாதம் ஓட்டுவோம்” என்றார்கள். வாதாடி நிறுத்தச் சொல்லி அன்று மாலையே பிரித்தோம். உள்வளையத்தில் கால் பங்குக்கு மேல் செதில் செதிலாக உரிந்திருந்தது. கிரீஸைத் துணியில் வழித்து வெளிச்சத்தில் பிடித்தால் எஃகுத் தூள் மின்னியது.